அத்தான் அக்காவுக்குக் கார் பார்த்த வாரம்

என் அக்கா கணவரிடம் எதையும் காட்டக் கூடாது. புதிதாக வாங்கிய பொருள் என்றால் அறவே கூடாது. போன வருஷம் ஆசை ஆசையாக ஒரு துணி அலமாரி வாங்கினேன். மாடிக்குத் தூக்கி வந்த ஆட்கள்கூட இன்னும் கிளம்பவில்லை. அத்தான் வந்து நின்றார், ஒரு பார்வை பார்த்தார், "இடது கதவு ரெண்டு மில்லிமீட்டர் இறங்கி இருக்கு" என்றார். அளந்து பார்த்தேன். இறங்கித்தான் இருந்தது. அன்றிலிருந்து அந்த அலமாரியில் என் கண்ணுக்குத் தெரிவது அந்த ரெண்டு மில்லிமீட்டர் மட்டும்தான்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை, வேலை அப்படி. கார்களை லீசுக்கு விடும் கம்பெனி ஒன்றில் பதினெட்டு வருஷமாக வண்டி சோதிப்பவர் அவர். லீஸ் என்றால், புது வண்டியை எடுத்து, மாதாமாதம் பணம் கட்டி, மூன்று வருஷம் ஓட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவது. அப்படித் திரும்பி வரும் வண்டிகளைக் கழுவி, ஒரு நீளமான ஷெட்டில், வரிசையாக எரியும் ட்யூப் லைட்டுகளுக்குக் கீழே நிறுத்துவார்கள். அத்தான் ஓட்டுநர் பக்கக் கதவில் ஆரம்பித்து ஒரு சுற்றுச் சுற்றுவார். குனிந்து, கதவின் மட்டத்துக்குக் கண்ணைக் கொண்டுபோய், வெளிச்சம் எங்கே வளைகிறது என்று பார்ப்பார். உள்ளங்கையால் தடவுவார். விளிம்புகளில் நகத்தை ஓட்டுவார். கீறலோ நெளிவோ பெயின்ட் மாறிய இடமோ கண்ணில் பட்டால் சாக்பீஸால் ஒரு வட்டம். வெள்ளை வட்டம் என்றால் ஓட்டினால் வரக்கூடிய தேய்மானம், மன்னிப்பு உண்டு. மஞ்சள் வட்டம் என்றால் சேதம், வண்டியைக் கொண்டுவந்தவர் பதில் சொல்லியாக வேண்டும். ஷெட்டில் அவருக்குப் பெயரே வட்டம்தான். "வட்டம் பாத்துட்டாரா?" என்று ஒருவர் கேட்க, "பாத்துட்டாரு, பதினாலு" என்று இன்னொருவர் சொல்வார்.

நல்ல மனிதர்தான். அதிர்ந்து பேச மாட்டார். ஆனால் அவரோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்தால் நம் மேலேயே நாலைந்து மஞ்சள் வட்டம் விழுந்திருக்கிற மாதிரி இருக்கும். நான் அவர்களுக்கு மேல் வீட்டில் இருப்பவள். பல் மருத்துவர் ஒருவரிடம் வரவேற்பில் உட்கார்ந்து, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களுக்கு டோக்கன் கொடுக்கிற வேலை. எனக்குப் பொறுமை கம்மி, வாய் ஜாஸ்தி. அத்தான் என்னை 'வாயாடி' என்றுதான் கூப்பிடுவார். நானும் மறுத்ததில்லை.

அக்கா எனக்கு நேர் எதிர். பெரிய ஆஸ்பத்திரியில் துணிப் பிரிவில் இருபத்திரண்டு வருஷம். படுக்கை விரிப்பு, தலையணை உறை, ஆபரேஷன் துணி எல்லாம் துவைத்து வந்ததும் பிரித்து, எண்ணி, மடித்து, வார்டு வார்டாக அனுப்ப வேண்டும். கிழிசல் இருந்தால் ஓரமாக எடுத்து வைத்து, மத்தியானம் தையல் மெஷினில் ஓட்டி, மறுபடி அடுக்கில் சேர்த்துவிடுவாள். இருபத்திரண்டு வருஷத்தில் அவளுக்கு மேலே நாலு பொறுப்பாளர்கள் வந்து போனார்கள். நாலு பேருக்கும் வேலை சொல்லிக் கொடுத்தது அவள். நாற்காலி மட்டும் அவளுக்கு வரவில்லை. எனக்கு அது வயிற்றெரிச்சல். அவளுக்கு இருந்ததா என்று கேட்டால் சிரிப்பாள்.

அந்த நாற்காலி ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் வந்தது. ஊருக்கு வெளியே புதிதாகத் திறக்கப் போகிற ஆஸ்பத்திரி. துணிப் பிரிவு முழுக்க அவள் பொறுப்பு, கீழே பதினொரு பேர். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் பதில் சொல்ல வேண்டும். ஒரே ஒரு சிக்கல். இடம் முப்பத்தொரு கிலோமீட்டர் தள்ளி. காலை ஆறு மணிக்கு அங்கே இருக்க வேண்டும். அந்தப் பக்கம் போகும் முதல் பஸ்ஸே ஆறே முக்காலுக்குத்தான்.

"கார் வேணும்" என்றாள் அக்கா.

அவளிடம் லைசென்ஸ் இருந்தது. நாற்பத்தெட்டாவது வயதில், சொந்தச் சம்பளத்தில் கற்றுக்கொண்டாள். பின்னால் எடுக்கும்போது கம்பத்தில் இடித்து ரெண்டு முறை ஃபெயில், மூன்றாவது முறை பாஸ். வாங்கி எட்டு மாதம் ஆகியும் ஓட்ட வண்டியில்லை. ஆமாம், நாள் முழுக்கக் கார்களைத் தடவிக்கொண்டிருக்கிற அத்தான் வீட்டில் கார் கிடையாது. கேட்டால், "அங்க பாக்குறது போதாதா, வீட்லயும் பாக்கணுமா?" என்பார். வேலைக்குப் போவது பஸ்ஸில்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டு மேஜையிலேயே பேச்சு ஆரம்பித்துவிட்டது. புது வண்டியை லீசுக்கு எடுப்பதா, பழைய வண்டியைச் சொந்தமாக வாங்குவதா?

"லீஸ்னா கவலை இல்ல. புது வண்டி. ரிப்பேர்னா கம்பெனி பாத்துக்கும். காலைல சாவியத் திருப்புனா ஸ்டார்ட் ஆகும்" என்றார் அத்தான்.

"அப்ப லீஸே எடுத்துடலாம்" என்றாள் அக்கா.

"ஆனா வருஷத்துக்குப் பதினஞ்சாயிரம் கிலோமீட்டர்தான் கணக்கு. நீ வேலைக்குப் போய் வர்றதே பத்தொம்பதாயிரத்துச் சொச்சம் வருது. கூட ஓட்டுனா கூட கட்டணும். மூணு வருஷம் கழிச்சுக் கையில ஒண்ணும் நிக்காது."

"அப்ப பழசே வாங்கிடலாம்."

"பழசுன்னா நம்மளோடது. எவ்வளவு ஓட்டுனாலும் கேக்க ஆள் இல்ல. ஆனா யார் கையில இருந்துச்சு, எப்படி ஓட்டுனாங்கன்னு யாருக்குத் தெரியும்? மீட்டரத் திருப்பி வச்சிருப்பான். தண்ணில முங்குன வண்டியா இருக்கும். ரெண்டு வண்டிய ஒட்டி ஒரு வண்டியாக்கி இருப்பான்."

ஞாயிறன்று லீஸ் பக்கம் சாய்ந்தார். திங்களன்று பழைய வண்டிதான் புத்திசாலித்தனம் என்றார். செவ்வாயன்று, "இன்னும் ரெண்டு மாசம் பொறுத்தா விலை இறங்கும்" என்றார். வெள்ளிக்கிழமை பதில் சொல்ல வேண்டிய விஷயத்துக்கு ரெண்டு மாசம்! இந்த வழவழா கொழகொழா எனக்கு ஆகவே ஆகாது. வாயைத் திறந்தேன். அக்கா மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தாள்.

புதன்கிழமை சாயங்காலம், வேலை முடிந்து, மூன்று பேரும் பழைய கார் விற்கும் இடத்துக்குப் போனோம். தகரக் கூரை, தரையில் ஜல்லி, நாற்பது வண்டிகள். முதலாளி குண்டான மனிதர், கழுத்தில் ஒரு துண்டு, கையில் சாவிக் கொத்து. அக்கா நேராக ஒரு சாம்பல் நிறச் சின்ன வண்டியிடம் போனாள். ஏன் அதைப் பிடித்தது என்று இன்றுவரைக்கும் சொல்லத் தெரியவில்லை அவளுக்கு. உட்கார்ந்தாள். சீட்டை முன்னால் இழுத்தாள். கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பினாள். ஸ்டியரிங்கில் ரெண்டு கையையும் வைத்துக்கொண்டு, அணைந்திருந்த வண்டியிலேயே எங்கேயோ போய்க்கொண்டிருந்தாள். நாலு பொறுப்பாளர்கள் வந்து போனபோதெல்லாம் சிரித்துச் சமாளித்த முகம் அது. அன்றைக்கு அதில் இருந்தது நிஜமான சந்தோஷம்.

அத்தான் அதற்குள் வேலையில் இறங்கியிருந்தார். ஓட்டுநர் கதவில் ஆரம்பித்து வழக்கமான சுற்று. குனிந்தார், தடவினார், நகத்தை ஓட்டினார். கை தானாகச் சட்டைப் பைக்குள் போனது. ஒரு வட்டம், இன்னொரு வட்டம். அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தார். டயருக்குள் கையை விட்டார். எஞ்சினை ஓட விட்டு, பானெட்டைத் திறந்து ரொம்ப நேரம் காது வைத்துக் கேட்டார். நிமிர்ந்தவர் அதோடு நிற்கவில்லை. பக்கத்தில் இன்னொரு வண்டி நின்றது. கறுப்பு, பெரியது, பளபளவென்று. கையில் சாக்பீஸ் இருக்கிறது, எதிரில் ஒரு கதவு இருக்கிறது, மனிதருக்கு நிதானம் எங்கே இருக்கும்? அதன் பின் கதவிலும் ஒரு பெரிய மஞ்சள் வட்டத்தைப் போட்டு, நடுவில் ஒரு கோடும் இழுத்துவிட்டார்.

"சார்! சார்! அது விக்கிற வண்டி இல்ல சார்! என்னோடது!" என்று முதலாளி ஓடி வந்தார்.

அத்தான் முகத்தில் ஈயாடவில்லை. "மன்னிச்சுக்குங்க. கை பழக்கம்" என்றபடி கைக்குட்டையால் துடைக்கப் போனார்.

"இருங்க, இருங்க. எதுக்கு வட்டம் போட்டீங்க?"

"இந்தக் கதவு அடி வாங்கி டிங்கரிங் பண்ணிருக்கு. பெயின்ட் புதுசு. ஒரு மாசம் இருக்கும்."

முதலாளி கதவைப் பார்த்தார், அத்தானைப் பார்த்தார், மறுபடி கதவைப் பார்த்தார். ஃபோனை எடுத்தார். "மாப்ள, போன மாசம் வண்டிய இரவல் வாங்கிட்டுப் போனியே, எங்கடா இடிச்ச?" என்று அவர் போட்ட சத்தத்தில் கூரை அதிர்ந்தது. அந்தப் பக்கத்திலிருந்து அவருடைய தங்கை கணவர் என்ன சமாதானம் சொன்னாரோ, பத்து நிமிஷம் வாங்கிக் கட்டிக்கொண்டார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஃபோனை வைத்த முதலாளி அத்தானைப் பெரிய மரியாதையோடு பார்த்து, "நீங்க நம்ம கடைக்கு வேலைக்கு வந்துடுங்க சார்" என்றார்.

அக்கா இறங்கி வந்தாள். சாம்பல் வண்டியைச் சுற்றிப் பார்த்தாள். அம்மை போட்ட மாதிரி உடம்பெல்லாம் வட்டம்.

"எத்தனைங்க?"

"இருபத்தேழு."

"ஓடுமா?"

"ஓடும். ஆனா இருபத்தேழு இருக்கு."

சொல்லிவிட்டு அத்தான் பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்துவிட்டார். பஸ்ஸில் திரும்பும்போது அக்கா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் அத்தானின் கம்பெனி ஷோரூமுக்குப் போனோம். ஊழியர் குடும்பத்துக்கு லீசில் சலுகை உண்டு. வெள்ளை நிறத்தில் புது வண்டி, சீட்டில் இன்னும் பிளாஸ்டிக் உறை, உள்ளே புது வாசனை. அக்காகூட ஒரு நிமிஷம் மயங்கித்தான் போனாள். கிலோமீட்டர் கணக்கைக்கூட இருபதாயிரமாக ஏற்றித் தருவதாகச் சொன்னார்கள். எல்லாம் கூடி வந்தது. மேஜையில் தாள்களைப் பரப்பி, கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் பெருக்கல் குறி போட்டு, பேனாவையும் அக்கா கையில் கொடுத்துவிட்டாள் அங்கே இருந்த விற்பனைப் பெண்.

தாள்களுக்கு நடுவில் பன்னிரண்டு பக்கத்தில் ஒரு சின்னப் புத்தகம். வண்டியைத் திருப்பித் தரும்போது எப்படி இருக்க வேண்டும் என்பது அதில் படம் போட்டு விளக்கப்பட்டிருக்கும். கீறல் எவ்வளவு நீளம் வரைக்கும் இருக்கலாம், சீட்டில் கறை எந்த அளவு, சக்கர விளிம்பில் உரசல் எத்தனை விரல்கடை. அதைத் தயாரித்ததில் அத்தானுக்கும் பங்குண்டு. பெருமையாகப் பக்கம் பக்கமாகத் திருப்பிக் காட்டினார்.

"தினமும் சாயங்காலம் நீ வந்ததும் நான் ஒரு சுத்துப் பாத்துடறேன். அன்னன்னிக்குப் பாத்துட்டா நல்லது. மூணு வருஷம் கழிச்சு இந்த வண்டி எங்க ஷெட்டுக்குத்தான் வரும். என் வீட்டு வண்டி ஒரு வட்டம்கூட இல்லாமத் திரும்பணும்."

அக்கா புத்தகத்தின் பன்னிரண்டு பக்கத்தையும் படித்தாள். பேனாவை மூடினாள். "நாளைக்குச் சொல்றோம்மா" என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டு எழுந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து, சமையலறையில், கைப்பையைக்கூட இறக்காமல் சொன்னாள். "என்னங்க, அந்த வண்டி எனக்கு வேணாம். மூணு வருஷம் தினமும் சாயங்காலம் நான் பரிட்சை எழுத மாட்டேன்."

"பரிட்சையா? நான் வண்டியத்தானே பாக்கப்போறேன்?"

"நீங்க வண்டியப் பாப்பீங்க. நான் உங்க முகத்தப் பாத்துட்டு நிக்கணும். எனக்கு இடிச்சுக்கிற மாதிரி ஒரு வண்டி வேணும். கம்பத்துல உரசிட்டு, அட போன்னு வீட்டுக்கு வந்து டீ குடிக்கிற மாதிரி ஒரு வண்டி வேணும்."

"அப்ப அந்தச் சாம்பல் கலர..." என்று நான் ஆரம்பித்தேன்.

"அது வேணாம்" என்றார் அத்தான்.

"அப்ப எதுதான் வேணும் உங்களுக்கு?"

அவர் தண்ணீர் குடித்தார், டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார், உள்ளே போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை காலை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது அக்கா என் கதவைத் தட்டினாள். "வேலை வேணாம்னு சொல்லிடப் போறேன்டி" என்றாள். அழவில்லை. "அவருக்கு நான் ஓட்டுவேன்னு நம்பிக்கை இல்ல. வாயத் திறந்து சொல்ல மனசு வரல, அதனால வண்டி மேல குறை சொல்றாரு. ரெண்டு தடவை ஃபெயில் ஆனவதானே நான்."

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்தது என்று தெரியாது. மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் டாக்டரிடம் தலைவலி என்று பொய் சொல்லிவிட்டு, நேராக அத்தானின் ஷெட்டுக்குப் போனேன். பஸ்ஸில் போகும்போதே என்னென்ன கேட்க வேண்டும் என்று வரிசைப்படுத்திக்கொண்டேன். அலமாரிக் கதவையும் விடுவதாக இல்லை.

வாசலில் இருந்தவர், "வட்டம் பின்னாடி இருக்காரு" என்று கை காட்டினார். ஷெட்டுக்குப் பின்னால் ஒரு திறந்த இடம். அங்கே ஒரே ஒரு வண்டி. ஓட்டி வந்ததல்ல, இன்னொரு வண்டியில் ஏற்றி வந்து இறக்கியது. முன்பக்கம் இல்லை. ஓட்டுநர் கதவு உள்ளே போய், ஸ்டியரிங் சீட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. அத்தான் அதற்கு எதிரே ஒரு ஸ்டூலில், மடியில் ஃபாரத்தை வைத்துக்கொண்டு, எழுதாமல் உட்கார்ந்திருந்தார்.

வரிசைப்படுத்தி வைத்திருந்ததெல்லாம் எனக்கு மறந்து போயிற்று.

"இதுவும் உங்க வேலையா அத்தான்?"

"மாசத்துக்கு ஒண்ணு ரெண்டு வரும்." அவர் என்னைப் பார்க்கவில்லை. "இதுல வட்டம் போட வேண்டியதில்ல. என்னென்ன போச்சுன்னு எழுதணும். பம்பர், லைட்டு, கதவு, எல்லாத்துக்கும் கட்டம் இருக்கு. உள்ள இருந்தவங்களுக்கு என்ன ஆச்சுன்னு ஃபாரத்துல கட்டம் இல்ல வாயாடி. நான் கேக்கவும் மாட்டேன். பதினோரு வருஷம் முன்னாடி ஒரு வண்டில சீட்டுக்கு அடியில ஒரு சாப்பாட்டு டப்பா கெடந்துச்சு. மூடி திறக்காம. காலைல வேலைக்குப் போற நேரம்னு எழுதிருந்தாங்க. அன்னிக்கு ரோட்ல வண்டி ஓட்டுறத விட்டேன்."

நான் ஸ்டூலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"அக்காவும் காலைல டப்பா எடுத்துக்கிட்டுத்தான் போவா" என்றார். "எந்த வண்டியப் பாத்தாலும் எனக்கு அவ உள்ள உக்காந்திருக்கிற மாதிரியே தெரியுது. நான் என்ன பண்றது?"

"இத அவகிட்ட சொன்னீங்களா?"

"சொன்னா பயந்துடுவா. ஓட்டும்போது பயப்படக் கூடாது."

"இப்ப அவ என்ன நெனச்சுட்டு இருக்கா தெரியுமா? அவளுக்கு ஓட்டத் தெரியாதுன்னு நீங்க நெனைக்கிறீங்களாம். குறையெல்லாம் வண்டில இல்ல, அவ மேலங்கறா. சாயங்காலம் அஞ்சு மணிக்கு வேலை வேணாம்னு சொல்லப் போறா."

அவர் அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார். தன் வாழ்நாளில் ஒரு சேதத்தைக் கவனிக்காமல் விட்டவர் இல்லையே. அந்த முகத்தைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது. "எழுந்திரிங்க" என்றேன். பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக அரை நாள் லீவு எழுதிக் கொடுத்தார்.

ஆஸ்பத்திரியின் துணிப் பிரிவு தரைக்குக் கீழே இருந்தது. சூடான துணியின் வாசனை, சுவர் உயரத்துக்கு வெள்ளை அடுக்குகள். அக்கா நீளமான மேஜையில் விரிப்பு மடித்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும், "யாருக்கு என்ன?" என்று பதறினாள். ஒன்றுமில்லை என்றேன். அத்தான் விரிப்பின் இன்னொரு முனையைப் பிடித்துக்கொண்டார். மடித்துக்கொண்டே சொன்னார். ஸ்டூலில் உட்கார்ந்து என்னிடம் சொன்னது அத்தனையும், டப்பா உட்பட. ஒரு விரிப்பு முடிந்து அடுத்தது, அது முடிந்து அடுத்தது. அவர் மடிப்பு கோணலாக இருந்தது. அக்கா அதை அப்படியே அடுக்கில் வைத்தாள்.

கேட்டு முடித்துவிட்டு, "எனக்கு மட்டும் பயம் இல்லன்னு யார் சொன்னா?" என்றாள். "பயந்துக்கிட்டேதான் ரெண்டு தடவை ஃபெயில் ஆனேன். பயந்துக்கிட்டேதான் மூணாவது தடவையும் போனேன். நீங்க பயப்படறீங்கன்னு தெரிஞ்சிருந்தா ரெண்டு பேரும் சேந்து பயந்திருக்கலாம். நான் அஞ்சு நாளா தனியா என்னையே திட்டிக்கிட்டு இருந்தேன்."

அத்தான் தலையைக் குனிந்துகொண்டார்.

"சரி, சொல்லுங்க. புருஷனாச் சொல்ல வேணாம். ஷெட்ல சொல்ற மாதிரி சொல்லுங்க. எந்த வண்டி?"

அவர் விரிப்பை மேஜையில் வைத்துவிட்டுச் சொன்னார். "சாம்பல் கலர். இருபத்தேழும் மேல் பெயின்ட்டு. பிரேக் சுத்தம், ஸ்டியரிங் சுத்தம். அடிபட்ட வண்டி இல்ல. மீட்டரும் நெஜம். நல்லா வச்சிருந்த வண்டி."

"இது எப்பத் தெரியும்?"

"புதன்கிழமையே."

அக்காவுக்கு வந்ததே கோபம்! கையில் இருந்த தலையணை உறையைச் சுருட்டி அவர் மேல் எறிந்தாள். என் நினைவில் அவள் எதையும் யார் மேலும் எறிந்ததில்லை. "புதன்கிழமையே தெரிஞ்சுக்கிட்டு நேத்து என்னைய ஷோரூம் வரைக்கும் இழுத்துட்டுப் போனீங்களா?" என்று கத்தினாள். இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அத்தான் உறையை எடுத்து, உதறி, மடித்து, அடுக்கில் வைத்தார். பிறகு அக்கா ஃபோனை எடுத்தாள். மணி நாலு ஐம்பது. "நான் வர்றேன் சார்" என்றாள். அந்த மூன்று வார்த்தைக்கு இருபத்திரண்டு வருஷம் ஆயிற்று. எனக்குப் பெருமையாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது.

சாம்பல் வண்டி மறுநாள் அவள் பெயருக்கு வந்தது. துண்டு போட்ட முதலாளி விலையில் கொஞ்சம் குறைத்தார். கறுப்பு வண்டியின் கதவுக்கான நன்றி என்று நினைக்கிறேன்.

புது வேலையில் முதல் வாரம் முழுக்க அத்தான் அவளோடு போனார். காலை நாலரைக்கு எழுந்து, குளித்து, பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, முப்பத்தொரு கிலோமீட்டரும் கூடவே போவார். அங்கே ஆஸ்பத்திரி வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்து, திரும்புகிற முதல் பஸ்ஸைப் பிடித்து வேலைக்குப் போவார். வழியில் வாயைத் திறக்க மாட்டாராம். ஆனால் லாரி எதிரில் வரும்போதெல்லாம் அவருடைய வலது கால், அந்தப் பக்கம் இல்லாத பிரேக்கை மிதிக்குமாம். அக்கா சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

ஞாயிறன்று சொன்னாள். "நாளைலேந்து நான் தனியாப் போறேன். நீங்க தூங்கணும். வாசல்ல வந்து நிக்கக் கூடாது. கண்ணாடில நீங்க நிக்கிறது தெரிஞ்சா என்னால ஓட்ட முடியாது. போய்ச் சேந்ததும் ஃபோன் பண்றேன். அது வரைக்கும் தூங்குங்க."

"சரி" என்றார் அத்தான்.

திங்கட்கிழமை விடியும் முன்பே வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. எனக்கும் தூக்கம் வரவில்லை என்பதுதான் உண்மை. கொஞ்ச நேரம் கழித்துக் கீழே இறங்கிப் போனேன். வெளுக்க ஆரம்பித்திருந்தது. ராத்திரி மழை பெய்து ஓய்ந்திருந்தது. அத்தான் தெரு முனையில் நின்றுகொண்டிருந்தார். அவள் வண்டி திரும்பி மறைந்த பிறகு போய் நின்றிருக்கிறார். பனியன், கலைந்த தலை, கையில் ஃபோன். நானும் பக்கத்தில் போய் நின்றேன். வாயாடிக்கும் சில நேரம் வாய் வராது. குப்பை வண்டி ஒன்று கடகடவென்று எங்களைத் தாண்டிப் போனது.

ஆறு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஃபோன் அடித்தது. எனக்கும் கேட்கட்டும் என்று அத்தான் ஸ்பீக்கரில் போட்டார்.

"வந்து சேந்துட்டேங்க" என்றாள் அக்கா.

அத்தான் கண்ணை அழுத்தித் துடைத்துக்கொண்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, இப்போதுதான் விழித்த மாதிரி இழுத்துச் சொன்னார்.

"அப்படியா? நல்லாத் தூங்கிட்டேன். நீ ஃபோன் பண்ணித்தான் முழிச்சேன்."

குப்பை வண்டியின் கடகட சத்தம் தெருக்கோடியில் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் அக்காவுக்கும் அது கேட்டிருக்கும்.

"சரி" என்றாள். "செருப்புப் போட்டிருக்கீங்களா? ரோடெல்லாம் ஈரம்."